எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் பின்னாளில் புற்றுநோய் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதியானவுடன் வலியைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் குழந்தையைப் பற்றிக் கேட்பார்கள். புற்றுநோய் பற்றிய கேள்வி மட்டும் பெரும்பாலும் மருத்துவரிடம் கேட்கப்படாமலே போய்விடுகிறது. பிறகு தோழியிடமோ அக்காவிடமோ தணிந்த குரலில் வெளியே வரும். அப்படி மறுபடி மறுபடி காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பதில்களில் வரும் கணக்குகளில் பெரும்பகுதி இரண்டு இடங்களிலிருந்து எடுத்தவை. ஒன்று, பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021-ல் வெளியான தொகுப்பாய்வு. மற்றொன்று, இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பியச் சங்கமான எஷ்ரே 2022-ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி. உங்கள் உடம்பைப் பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

எண்டோமெட்ரியோசிஸ்னா என்ன? அதுவே ஒரு வகை கேன்சரா?

இல்லை. கர்ப்பப்பையின் உட்சுவரில் இருக்கும் படலத்தைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, சினைக்குழாய், அடிவயிற்றின் உள்சவ்வு, குடல், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களில் அதிகம் காணப்படும். மாதவிடாய்ச் சுழற்சியின் ஹார்மோன்களுக்கு அந்தத் திசுவும் ஆடும். அதனால் வீக்கம், வலி, உள்ளே ஒட்டிக்கொள்ளும் தழும்புகள் எல்லாம் உண்டாகின்றன. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகில் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது.

அந்த 19 கோடிப் பேரில் மிகப் பெரும்பாலோருக்கு இதனால் எந்தப் புற்றுநோயும் வரப்போவதில்லை.

அப்படின்னா ஏன் கேன்சரோட சேர்த்தே பேசுறாங்க?

அது நடந்துகொள்ளும் விதத்தில் சில ஒற்றுமைகள் இருக்கின்றன. தன் இடத்தை விட்டு வேறு இடத்தில் போய் ஒட்டுகிறது, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகிறது, தனக்கென்று ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. இந்தத் திசுவிலிருந்தே சினைப்பைப் புற்றுநோய் உருவாக முடியும் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1925-லேயே எழுதினார். ஆக, இது நூறு வருஷப் பழைய சந்தேகம்.

2010-ல் ஒரு மரபணு ஆய்வு அந்தச் சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் தந்தது. சிலவகை சினைப்பைப் புற்றுநோய்களில் ஏஆர்ஐடி1ஏ என்ற மரபணு பழுதாகியிருந்தது. அதே பழுது, அந்தப் புற்றுநோய்க்குப் பக்கத்திலேயே இருந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் இருந்தது. சரி, அப்போது பழுது இருந்தாலே புற்றுநோய்தானா? அதுவும் இல்லை. 2017-ல் புற்றுநோய் இல்லாத 24 பெண்களின் ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் திசுவைச் சோதித்தபோது, அவர்களில் சிலருக்கும் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் இருந்தன. அந்த வகை எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோயாக மாறுவதோ மிக அபூர்வம். மரபணு மாற்றம் ஒரு படி மட்டுமே, அதைத் தாண்டி இன்னும் பல நடக்க வேண்டும்.

"ரெண்டு மடங்கு ரிஸ்க்"னு போட்டிருக்கு. அப்போ எனக்கு வரப்போகுதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். "இரண்டு மடங்கு" என்று யார் சொன்னாலும், "எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

2021 தொகுப்பாய்வின்படி எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 1.93 மடங்கு. கேட்க பயமாகத்தான் இருக்கிறது. இப்போது இதை ஆட்களாக எண்ணிப் பார்க்கலாம். பொதுவாக 1,000 பெண்களை எடுத்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதிலும் சுமார் 13 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 1,000 பேரில் சுமார் 25 பேருக்கு வரும். கூடுதல் 12 பேர். மீதி 975 பேருக்கு வராது. 13 என்பதும் 25 என்பதும் அச்சில் வந்த அதே "இரண்டு மடங்கு"தான், ஆனால் மனதில் விழும் கனம் வேறு.

அந்த 12 பேரை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அதனால்தான் கீழே இத்தனை கேள்விகள் இருக்கின்றன.

வேற ஒரு செய்தியில "நாலு மடங்கு", "பத்து மடங்கு"ன்னு பார்த்தேனே. எது நிஜம்?

நீங்கள் பார்த்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சுமார் 4,50,000 பெண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்து 2024-ல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 4.2 மடங்கு என்று அது கண்டது. ஆழமாக ஊடுருவிய வகை அல்லது சினைப்பைக் கட்டி இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 9.7 மடங்கு. தலைப்புச் செய்திக்கு இது போதும்.

அதே ஆய்வு இன்னொரு எண்ணையும் தந்தது: ஆய்வு நடந்த காலத்துக்குள் 10,000 பெண்களுக்குச் சுமார் 10 பேர் கூடுதல். இதைப் பல செய்திகள் விட்டுவிட்டன. மடங்கு எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறும். யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், எந்த வகை எண்டோமெட்ரியோசிஸ், எத்தனை வருஷம் பின்தொடர்ந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என் கணிப்பில், யூட்டா ஆய்வின் பயனுள்ள செய்தி 4.2 அல்ல. எல்லா எண்டோமெட்ரியோசிஸும் ஒரே அளவு ஆபத்து இல்லை, வகை முக்கியம் என்பதுதான். உங்களுக்கு எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சினைப்பை கேன்சர்லயே வகை இருக்காமே?

இருக்கிறது, அது முக்கியமான விஷயமும்கூட. எண்டோமெட்ரியோசிஸோடு தெளிவான தொடர்பு இருப்பது கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு என்ற இரண்டு வகைகளுக்கு. முதலாவதில் சுமார் 3 மடங்கு, இரண்டாவதில் சுமார் 2 மடங்கு. 2012-ல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மெதுவாக வளரும் சீரஸ் வகையிலும் இதே மாதிரி தொடர்பு கண்டார்கள்.

ஆனால் சினைப்பைப் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது, அதிக உயிர்களை எடுப்பது, வேகமாக வளரும் சீரஸ் வகை. 2012 ஆய்வில் அதற்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் தொடர்பு தெரியவில்லை. "சினைப்பைப் புற்றுநோய்" என்று கேட்டதும் நமக்கு நினைவுக்கு வரும் துயரக் கதைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

ஸ்கேன்ல சாக்லேட் சிஸ்ட்னு வந்திருக்கு. அதுதான் கேன்சரா மாறுமா?

சினைப்பைக்குள் எண்டோமெட்ரியோசிஸ் திசு கசிந்து கசிந்து பழைய ரத்தம் தேங்கி, கரும்பழுப்பு நிறக் குழம்பாக நிற்கும் கட்டிதான் சாக்லேட் சிஸ்ட். மாறினால் பெரும்பாலும் இதிலிருந்துதான் மாறும் என்பது உண்மை. அப்படி மாறுவது அரிது என்பதும் அதே அளவு உண்மை.

உங்கள் ஸ்கேன் அறிக்கையைக் கையில் எடுங்கள். கட்டிக்குள் இருப்பது மங்கிய கண்ணாடி போல ஒரே சீராகத் தெரிகிறது, ஓரறை, உள்ளே ரத்த ஓட்டம் இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தால் அது சாக்லேட் சிஸ்டின் வழக்கமான முகம். மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைப்பவை வேறு: கட்டியின் உட்சுவரிலிருந்து முளை போல நீட்டிக்கொண்டிருக்கும் திடமான பகுதி, அந்தத் திடப் பகுதிக்குள் ரத்த ஓட்டம், முந்தைய ஸ்கேனைவிட வேகமாகப் பெரிதாகியிருப்பது. இவற்றில் ஒன்று இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், புற்றுநோய் மருத்துவரிடமும் அனுப்பலாம். வயது கூடக்கூட, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, இதே மாற்றங்களை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.

ஒரு விதிவிலக்கு. கர்ப்ப காலத்தில் சாக்லேட் சிஸ்டுக்குள் இருக்கும் திசு ஹார்மோன்களால் தடித்து, ரத்த ஓட்டத்துடன் கூடிய முளை போலவே தெரியலாம். பார்ப்பதற்குப் புற்றுநோய் போல இருந்தாலும் பல நேரங்களில் அது கர்ப்பத்தின் விளைவுதான். அந்தச் சமயத்தில் அனுபவமுள்ள ஸ்கேன் மருத்துவரின் இரண்டாவது கருத்து மிகவும் உதவும்.

சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை அதிகமா வந்திருக்கு. தூக்கமே வரல.

சி.ஏ. 125 என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடியது. வழக்கமாக 35 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எண்டோமெட்ரியோசிஸ் மட்டுமே அதைத் தாண்ட வைக்கும். மாதவிடாய் நாட்களில் ரத்தம் எடுத்தால் இன்னும் ஏறும். கர்ப்பம், ஃபைப்ராய்டு கட்டி, அடிவயிற்றில் தொற்று, வயிற்றுக் காசநோய் எல்லாமே அதை ஏற்றக்கூடியவை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள இளம் பெண்ணுக்கு இந்த ஒரு எண்ணை வைத்து யாராலும் புற்றுநோய் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பதே பெரிய விஷயம். அதற்கு முந்தைய பதிலைப் பாருங்கள்.

வருஷா வருஷம் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கிட்டா முன்கூட்டியே கண்டுபிடிச்சிடலாம்ல?

தர்க்கமாகப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. செய்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2,00,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த சோதனையின் இறுதி முடிவு 2021-ல் வந்தது. ஆண்டுதோறும் பரிசோதித்ததால் சினைப்பைப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை. 2011-ல் வெளியான அமெரிக்கச் சோதனையிலும் அதே கதை. அதில், புற்றுநோய் இல்லாமலே சந்தேகத்தின்பேரில் 1,080 பெண்களுக்கு அறுவை நடந்தது. அவர்களில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது.

இவை பொதுவான பெண்களிடம் நடந்த சோதனைகள். ஆனால் சி.ஏ. 125 இயல்பிலேயே ஏறி நிற்கும் எண்டோமெட்ரியோசிஸ்காரர்களிடம் வீண் சந்தேகம் இன்னும் கூடுதலாகத்தான் வரும். அதனால்தான் எஷ்ரே வழிகாட்டி, எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கும் பரிசோதனைகளுக்கு மேல் தனியாகப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையில்லை என்கிறது. ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டியின் போக்கைப் பார்க்க மருத்துவர் அவ்வப்போது ஸ்கேன் எடுப்பது வேறு விஷயம், அதை நிறுத்திவிடாதீர்கள்.

மார்பகப் புற்றுநோய்?

மிகச் சிறிய தொடர்பு, 1.04 மடங்கு. 1,000 பேரில் 128 என்பது 133 ஆகிறது. இந்த 128 கூட மார்பகப் புற்றுநோய் அதிகமுள்ள மேலை நாடுகளின் கணக்கு. உங்கள் வயதுக்குப் பரிந்துரைக்கும் மார்பகப் பரிசோதனையைச் செய்துகொண்டால் போதும்.

தைராய்டு கேன்சர்னுகூட சொல்றாங்களே, கழுத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லோருக்கும் வரும் நியாயமான சந்தேகம். தொகுப்பாய்வில் 1.39 மடங்கு என்று வந்தது, 1,000 பேரில் 13 என்பது 18. ஹார்மோன், நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த பொதுக் காரணங்கள் இருக்கலாம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். எனக்கு இன்னொரு விளக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது: அடிக்கடி மருத்துவரிடம் போகிறவர்களுக்கு அடிக்கடி ஏதாவது கண்டுபிடிக்கப்படும்.

தைராய்டு விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. அங்கே கழுத்து ஸ்கேன் பரவலானதும், 1993-ஐ ஒப்பிட்டால் 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்கள் 15 மடங்கானார்கள். அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கையோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தேடினால் கிடைக்கும், ஆனால் கிடைத்ததெல்லாம் ஆபத்தானதல்ல. ஆகவே எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் கழுத்து ஸ்கேன் எடுக்கப் போகாதீர்கள். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, குரல் மாறி அப்படியே நின்றாலோ காட்டுங்கள்.

கர்ப்பப்பை கேன்சர், கர்ப்பப்பை வாய் கேன்சர், ரெண்டுக்கும் இது வழிவிடுமா?

கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்க்குத் தொடர்பு உறுதியாகவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்தால் லேசாக ஏறியது போலத் தெரிகிறது. ஆனால் பெண்களை முதலிலிருந்தே பின்தொடர்ந்த தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் வித்தியாசமே இல்லை. இதை வைத்து ரத்தப்போக்கை அலட்சியம் செய்துவிட வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் வந்தாலும் காட்ட வேண்டும், எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தலைகீழ். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அது சுமார் 30 சதவீதம் குறைவாகவே வருகிறது. சந்தோஷப்படும் முன் காரணத்தைப் பாருங்கள். அந்தப் புற்றுநோய் ஹெச்பிவி வைரஸால் வருவது. எண்டோமெட்ரியோசிஸ் அந்த வைரஸைத் தடுப்பதாக யாரும் காட்டவில்லை. இந்தப் பெண்கள் பெண்கள்நல மருத்துவரிடம் அடிக்கடி போவதால் பாப் ஸ்மியர் போன்ற பரிசோதனையும் நடந்து, முற்றுவதற்கு முன்பே சரிசெய்யப்படுகிறது என்பது முக்கியமான விளக்கம். பரிசோதனையால் கிடைத்த பாதுகாப்பை நம்பி பரிசோதனையையே விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹெச்பிவி தடுப்பூசியும் மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் வேண்டும்.

எனக்கு குடல்ல ஒட்டியிருக்குன்னாங்க. குடல் கேன்சர் வருமா?

பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்பில்லை, மடங்கு எண் சரியாக 1.00. ஆனால் மலத்தில் ரத்தம் வந்தால் "எண்டோமெட்ரியோசிஸ்தான், மாதாமாதம் வருவதுதான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். குடல் எண்டோமெட்ரியோசிஸிலும் மாதவிடாய் நாட்களில் ரத்தம் வரும், புற்றுநோயிலும் வரும். அதைப் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை.

தோலில் வரும் மெலனோமா பற்றியும் சிலர் கேட்கிறார்கள். சில ஆய்வுகளில் ஏற்றம் தெரிந்தது, எல்லாவற்றையும் சேர்த்தால் உறுதியாக இல்லை. புதிதாகத் தோன்றி, நிறமோ உருவமோ மாறும் மச்சத்தைக் காட்டுவது எல்லோருக்கும் பொருந்தும் அறிவுரை, இங்கே தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வருஷக்கணக்கா ஹார்மோன் மாத்திரை சாப்பிடறேன். அதுவே கேன்சரைக் கொண்டுவந்துடாதா?

சினைப்பையைப் பொறுத்தவரை கருத்தடை மாத்திரை பாதுகாக்கிறது. 45 ஆய்வுகளைச் சேர்த்து 2008-ல் வெளியான கணக்கின்படி, ஒவ்வொரு 5 வருஷப் பயன்பாட்டுக்கும் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. 15 வருஷம் எடுத்தால் ஏறக்குறைய பாதி. மாத்திரையை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பலன் கொஞ்சமாவது மிஞ்சுகிறது. சினைப்பைதான் உங்கள் முதன்மைக் கவலை என்றால் இது நல்ல செய்தி.

மறுபக்கமும் உண்டு. மாத்திரை எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் ஏறுகிறது. 2017-ல் வந்த டென்மார்க் ஆய்வின் கணக்கில், ஆண்டுக்கு 7,690 பெண்களுக்கு ஒருவர் கூடுதல். "எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு" என்ற கேள்வியை இங்கேயும் போட்டுப் பாருங்கள். நீண்ட காலம் எடுத்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் சற்று ஏறி, நிறுத்திய பிறகு படிப்படியாக இறங்கும். மொத்தத்தில், புற்றுநோய் பயத்தால் மாத்திரையை நிறுத்தி வலியோடு கிடக்கக் காரணம் இல்லை. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையும் பிரச்சினை உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் தனிக் கணக்கு. அவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்காக ஐவிஎஃப் பண்ணப்போறோம். அந்த ஊசியெல்லாம் ஆபத்தை ஏத்துமா?

பிரிட்டனில் குழந்தைப்பேறு சிகிச்சை பெற்ற 2,55,786 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல் வந்தது. அவர்களிடம் சினைப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் கணவர் தரப்புக் காரணத்துக்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு அந்த ஏற்றமே இல்லை. ஏற்றம் தெரிந்தது எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடமும் குழந்தை பெறாதவர்களிடமும்தான். ஊசி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். ஆகவே ஏற்றத்துக்குக் காரணம் ஊசியைவிட அடிப்படையில் இருந்த நிலைதான் என்று படுகிறது. மார்பகம், கர்ப்பப்பை இரண்டிலும் குறிப்பிடும்படி ஏற்றம் இல்லை.

கர்ப்பமும் தாய்ப்பால் கொடுப்பதும் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும். இதைப் பிடித்துக்கொண்டு "சீக்கிரம் பெத்துக்கோ, எல்லாம் சரியாகிடும்" என்று உறவினர்கள் சொல்லும் வைத்தியத்துக்கு நான் ஆதரவு தரவில்லை. குழந்தை பெறுவது ஒரு மருந்து அல்ல.

பேசாம ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டா நிம்மதிதானே?

சினைப்பைப் புற்றுநோய் பயம் கிட்டத்தட்டப் போகும். பதிலுக்கு அறுவைக்கு மறுநாளே மாதவிடாய் நின்ற நிலை தொடங்கும். 40 வயதுக்கு முன் அது வந்தால் எலும்பு தேயும், இதயநோய் வாய்ப்பு ஏறும். 1,000 பேரில் கூடுதலாக 12 பேருக்கு வரும் ஒன்றைத் தடுக்க, எல்லோரும் கொடுக்க வேண்டிய விலை இது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஒரு ஆய்வு, எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயக் குழாய் நோய் ஏற்கெனவே சுமார் 60 சதவீதம் கூடுதல் என்று கண்டது. அதில் ஒரு பங்குக்குக் காரணம் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுக்கப்பட்டதுதான் என்று கணித்தார்கள். புற்றுநோயைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் ஒதுக்கினால் தப்பில்லை.

இடைப்பட்ட வழிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் எண்டோமெட்ரியோசிஸை முழுமையாக அகற்றினால் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு குறையலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் புற்றுநோய்க்காக மட்டும் அந்த அறுவையைச் செய்வதில்லை. சாக்லேட் சிஸ்டை உரித்தெடுக்கும்போது கூடவே நல்ல முட்டைகளும் போகும். குழந்தை போதும் என்று முடிவெடுத்தவர்கள், வேறு காரணத்துக்காக அறுவை நடக்கும்போதே சினைக்குழாய்களை எடுத்துவிடலாமா என்று கேட்கலாம். வேகமாக வளரும் சீரஸ் வகையில் பெரும்பகுதி அந்தக் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது. குழாயைக் கட்டுவதால் கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு வகைகளும் குறைகின்றன.

எங்க அம்மாவுக்கும் சித்திக்கும் கேன்சர் இருந்தது. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். ரெண்டும் சேர்ந்தா?

உங்களுக்கு மேலே சொன்ன சராசரிக் கணக்குகள் பொருந்தாமல் போகலாம். எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். மார்பகமும் சினைப்பையும் என்றால் பிஆர்சிஏ மரபணுக்களில் பழுது, பெருங்குடலும் கர்ப்பப்பையும் என்றால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற இன்னொரு பரம்பரை மரபணுப் பழுது நினைவுக்கு வரும். பிஆர்சிஏ-1 பழுது உள்ள பெண்ணுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 40 சதவீதத்தை எட்டும். அதன் முன் எண்டோமெட்ரியோசிஸின் 2.5 சதவீதம் ஒன்றுமே இல்லை. லிஞ்ச் சிண்ட்ரோமில் வரும் சினைப்பைப் புற்றுநோய்களோ பெரும்பாலும் எண்டோமெட்ரியாய்டு, கிளியர் செல் வகைகள்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை உண்டு. சினைப்பையை எடுப்பது பற்றிய முந்தைய பதிலும் இவர்களுக்கு மாறிவிடும். இவர்களுக்கு அது பல நேரங்களில் சரியான முடிவு.

மாதவிடாய் நின்னுட்டா எல்லாம் முடிஞ்சிடும்தானே? அப்புறம் ஹார்மோன் எடுக்கலாமா?

வலி பெரும்பாலோருக்கு அடங்கும். ஆனால் திசு மறைந்துபோக வேண்டும் என்பதில்லை, மாதவிடாய் நின்ற பெண்களிலும் சில சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் காணப்படுகிறது. சினைப்பைப் புற்றுநோயும் வயதோடு ஏறும் நோய். ஆகவே "இனி அந்தக் கோப்பை மூடிவிடலாம்" என்று நினைக்க வேண்டாம்.

உடம்பு கொதிப்பு, தூக்கமின்மை தாங்காமல் ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு வழக்கமாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்று தருவார்கள். எண்டோமெட்ரியோசிஸ் வரலாறு உள்ளவர்களுக்கு அப்படித் தனியாக ஈஸ்ட்ரோஜன் தருவதைத் தவிர்த்து, கூடவே புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத் தரச் சொல்கிறது எஷ்ரே. மிஞ்சியிருக்கும் திசுவைத் தனி ஈஸ்ட்ரோஜன் தூண்டி, அபூர்வமாகப் புற்றுநோய் வரைக்கும் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. அறுவை நடந்து 10 வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகும்போது இந்தப் பழைய கதையைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அறுவைக் குறிப்பின் நகலை வைத்திருங்கள்.

எப்பவுமே வயிறு வலிக்கிறவளுக்கு, இது வேற வலின்னு எப்படித் தெரியும்?

கேட்டவற்றிலேயே கடினமான கேள்வி இது. சினைப்பைப் புற்றுநோயின் அடையாளங்கள் வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்த உணர்வு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இவற்றில் பாதியோடு எண்டோமெட்ரியோசிஸ்காரர்கள் தினமும் வாழ்கிறார்கள். அதனால் அறிகுறியைவிட மாற்றத்தைப் பாருங்கள். மாதச் சுழற்சியோடு வந்து போன வலி இப்போது சுழற்சியைப் பார்க்காமல் நிற்கிறதா? மாதவிடாய் நாட்களில் மட்டும் இருந்த உப்புசம் இறங்காமலே இருக்கிறதா? அடங்கிக் கிடந்த வலி 45 வயதுக்கு மேல் திரும்ப வந்ததா? காரணமில்லாமல் எடை குறைகிறதா?

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: மேலே சொன்ன அறிகுறிகள் தொடர்ந்து, மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், அதிலும் 50 வயதுக்கு மேல், பரிசோதிக்க வேண்டும். ஒரு காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். "அடிக்கடி வலிக்கிறது" என்றால் பழைய மாத்திரையையே எழுதிக்கொடுத்து அனுப்பும் மருத்துவர்கள்கூட, "இந்த மாதம் 17 நாள், போன மாதம் 6 நாள்" என்று கேட்டால் ஸ்கேன் எழுதுவார்கள். சிசேரியன் தழும்பில் எண்டோமெட்ரியோசிஸ் கட்டி இருப்பவர்களும் அப்படியே, அது மாதவிடாயைச் சாராமல் வளரத் தொடங்கினால் காட்டுங்கள்.

ஒருவேளை வந்தேவிட்டா?

எண்டோமெட்ரியோசிஸோடு சேர்ந்து வரும் சினைப்பைப் புற்றுநோய்கள் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே பிடிபடுகின்றன. வலியும் கட்டியும் ஏற்கெனவே கவனத்தில் இருப்பது அதற்கு ஒரு காரணம். முதல் கட்டத்தில் கண்டறிந்தவர்களில் 10-ல் 9 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கிளியர் செல் வகை முற்றிவிட்டால் வழக்கமான கீமோவுக்குச் சரியாக மசியாது, காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதும் இந்த வகையில் கூடுதல். அதனால் காலில் திடீர் வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பின்லாந்தில், அறுவையில் எண்டோமெட்ரியோசிஸ் உறுதியான சுமார் 50,000 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். எல்லாக் காரணங்களையும் சேர்த்த இறப்பு, அந்த நோய் இல்லாத பெண்களைவிட இவர்களிடம் குறைவாகவே இருந்தது.